பத்மாசனம் வராதவர் ஆசனம் கற்கலாமா?

2023 செப்டம்பர் 9 (இழையைத் தொடங்கிய கேள்வி)

எனக்கு வயது 52. கல்லிடைக்குறிச்சியில் மளிகைக் கடை நடத்துகிறேன். நாளொன்றுக்குப் பத்து மணி நேரம் கல்லாவில் உட்கார்ந்திருப்பதால் வந்த இடுப்பு வலிக்காக ஆசனம் கற்கச் சென்றேன். பத்மாசனத்தில் நிமிர்ந்து உட்காரத் தெரியாதவருக்கு மற்ற ஆசனங்கள் எவையும் பலிக்காது என்றும், ஒரு மண்டலம் விடாமல் முயன்றால் எவருக்கும் அது வந்துவிடும் என்றும் அங்கே சொன்னார்கள். 31 நாள் ஆயிற்று. வலது கால் இடது தொடை மேல் ஏறுகிறது. இடது கால் ஏற மறுக்கிறது. மீதம் 17 நாளில் வந்துவிடுமா, இல்லை விட்டுவிடலாமா?

2023 செப்டம்பர் 9, இரவு

விட்டுவிடுங்கள். பத்மாசனத்தை மட்டும், ஆசனம் கற்பதை அன்று. 17 நாளில் வராது. வந்துவிட்டதுபோல் தோன்றினால் அது இன்னும் கேடு. காரணத்தை இரண்டு நாளில் விரிவாக எழுதுகிறேன். அதுவரை இடது காலைக் கையால் பிடித்து மேலே இழுக்காதீர்கள்.

2023 செப்டம்பர் 12

முழங்கால் கதவுக் கீல் போன்றது. நீட்டவும் மடக்கவும் தெரியும். மடக்கிய நிலையில் சிறிதளவு திரும்பும், அதற்கு மேல் திருகினால் தாங்காது. தொடை எலும்பு இடுப்போடு சேரும் மூட்டு வேறு வகையானது. அங்கே எலும்பின் உருண்டைத் தலை ஒரு குழிக்குள் அமர்ந்து எல்லாப் பக்கமும் சுழல்கிறது. பத்மாசனத்தில் உள்ளங்கால் வானத்தைப் பார்க்க வேண்டுமானால் அந்தத் திருப்பம் முழுவதும் இடுப்பு மூட்டில் நிகழ வேண்டும். அது இறுகிக் கிடக்கும்போது நாம் பாதத்தைப் பிடித்து இழுத்தால், இழுத்த விசை அடுத்த மூட்டான முழங்காலுக்கு இறங்கி, இரண்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் ஜவ்வை நசுக்குகிறது. சில நேரம் கிழித்தும் விடுகிறது.

இடுப்புக் குழியின் ஆழம், அது நோக்கியிருக்கும் திசை, தொடை எலும்பின் கழுத்து சாய்ந்திருக்கும் கோணம் ஆகியவை ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன. தசையின் இறுக்கம் பயிற்சியால் தளரும். எலும்பின் அமைப்பு ஒரு மண்டலத்தில் மட்டுமன்று, பத்து மண்டலத்திலும் மாறாது. ஒரே ஆளின் வலது பக்கமும் இடது பக்கமும்கூட ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆகவே உங்கள் இடது கால் ஏறாததைச் சோம்பலின் அடையாளமாகவோ பாவத்தின் கணக்காகவோ எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 18 ஆண்டுகளுக்கு முன்பு, எனக்கு 43 வயது நடந்துகொண்டிருந்தபோது, அலுவலக நாற்காலி தந்த முதுகு வலியோடு ஒரு மாலை நேர வகுப்பில் சேர்ந்தேன். மூன்றாம் வாரம் பயிற்றுநர் என் இடது முழங்காலைத் தரையை நோக்கி அழுத்தினார். சுள்ளி ஒடிந்ததுபோல் ஓர் ஓசை கேட்டது. அன்று வலியே இல்லை. பத்மாசனம் வந்துவிட்ட மகிழ்ச்சிதான் இருந்தது. மறுநாள் காலை சேரன்மகாதேவியில் பேருந்துப் படியில் கால் வைத்தபோது விஷயம் தெரிந்தது. வீக்கம் வடிய ஏழு வாரம் ஆயிற்று. குத்தவைத்து உட்கார ஓராண்டுக்கு மேல் ஆயிற்று.

நீங்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். கடையில் காலிச் சாக்கு இருக்கும். இரண்டை மடித்து நான்கு விரல் உயரத்துக்கு வைத்து, அதன் விளிம்பில் புட்டத்தை வைத்துச் சாதாரணச் சம்மணத்தில் உட்காருங்கள். முழங்கால்கள் இடுப்பைவிடத் தாழ்ந்திருக்க வேண்டும். வெறும் தரையில் உட்காரும்போது, பின்தொடைத் தசை இறுகியவர்களுக்கு இடுப்புக்கூடு பின்னோக்கிச் சரிந்து, கீழ்முதுகு கூன் போடுகிறது. அதை நிமிர்த்தத் தோளை இழுத்துப் பிடித்தால் பத்து நிமிடத்தில் கழுத்து வலிக்கும். உயரம் கொடுத்தால் முதுகு தானாக நிமிர்ந்துகொள்கிறது. இடுப்பு மூட்டைத் தளர்த்துவதற்கு மல்லாந்து படுத்து, ஒரு முழங்காலை மடக்கி, அதன் மேல் மற்ற காலின் கணுக்காலைக் குறுக்கே வைத்து, மடக்கிய காலை நெஞ்சை நோக்கி மெதுவாகக் கொண்டுவாருங்கள். புட்டத்தின் பக்கவாட்டில் இழுவை தெரிய வேண்டும். முழங்காலில் தெரிந்தால் தவறாகச் செய்கிறீர்கள் என்று பொருள்.

இன்னொன்று. நம் ஆச்சிமார் யாரும் ஆசனம் கற்கப் போனதில்லை. அம்மி, ஆட்டுரல், நாற்று நடவு, தரையில் சாப்பாடு என்று வாழ்ந்ததால் அவர்களுக்கு மூட்டு வலியும் வந்ததில்லை. நாற்காலிதான் நமக்கு எமன்.

2023 செப்டம்பர் 13

முழங்காலில் நீர் கோத்திருந்தாலோ, உள்பக்கம் குத்தினாலோ, மடக்கிய கால் நீட்டும்போது பூட்டிக்கொண்டாலோ மேலே நான் எழுதிய எதையும் செய்யாமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். நேற்றே எழுதியிருக்க வேண்டும்.

2023 செப்டம்பர் 24

பத்மாசனம் இல்லாமல் யோகமே இல்லை என்பதற்கு நூல் ஆதாரம் இருக்கிறதா என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார். எனக்குத் தெரிந்தவரை ஆதாரம் அதற்கு எதிராகத்தான் இருக்கிறது. பதஞ்சலி ஆசனத்தைப் பற்றிச் சொன்னவை மூன்றே சூத்திரங்கள். முதலாவது, நிலையாகவும் சுகமாகவும் இருப்பது ஆசனம் என்கிறது. எந்தக் காலை எங்கே வைப்பது என்று ஒரு சொல்லும் இல்லை.

நம் திருமூலரிடம் வருவோம். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்தில் அவர் சிறந்த ஆசனங்களாக ஏழைப் பெயர் சொல்லி அடுக்குகிறார்: பத்திரம், கோமுகம், பங்கயம், கேசரி, சொத்திரம், வீரம், சுகாதனம். பங்கயம் என்பது பத்மாசனம். சுகாதனம் என்பது சுகமாக உட்காரும் இருப்பு, அதாவது நம் வீட்டுச் சம்மணத்துக்கு உறவுமுறை. இரண்டும் ஒரே பந்தியில் உட்கார்ந்திருக்கின்றன. ஒன்றுக்குத் தலைவாழை இலை, மற்றதற்குக் கிழிந்த இலை என்று அவர் போடவில்லை.

இந்த ஏழும் உட்காரும் இருப்புகள் என்பதையும் கவனிக்க வேண்டும். இன்று நாம் செய்யும் திரிகோணாசனம் போன்ற நின்ற நிலைகள் இவற்றில் இல்லை. 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹடயோகப் பிரதீபிகை 15 ஆசனங்களை விளக்குகிறது. அதற்குப் பின் வந்த கேரண்ட சம்ஹிதை 32 என்கிறது. சூரிய நமஸ்காரத்தை ஒரு தேகப்பயிற்சியாக நாடெங்கும் பரப்பியவர் மகாராஷ்டிரப் பகுதியின் ஔந்து சமஸ்தானத்து ராஜா. அது 1920களின் கதை. நின்று குனிந்து வளைந்து செய்யும் தொடர்கள் பல, 1930களில் மைசூர் அரண்மனையில் கிருஷ்ணமாச்சாரியார் நடத்திய பயிற்சிக்கூடத்திலிருந்து பரவியவை. ஆகவே எல்லா ஆசனமும் ஐயாயிரம் ஆண்டுப் பழமை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவதில்லை, நம்புவதும் இல்லை. சிலம்பக் கூடத்தில் நாங்கள் போட்ட தண்டாலையும் சூரிய நமஸ்காரத்தின் நடுப்பகுதியையும் அடுத்தடுத்துச் செய்து பாருங்கள். அண்ணன் தம்பி என்று தெரியும்.

2023 அக்டோபர் 8

எந்த விரிப்பு நல்லது என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லத் தகுதியானவன், ஏனென்றால் அதில் விழுந்திருக்கிறேன்.

கோரைப் பாய்க்குப் பேர்போன பத்தமடை எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம். அங்கே 1887இல் பிறந்த குப்புசாமி என்பவர் மருத்துவம் படித்து, மலாயாவில் பத்தாண்டுகள் மருத்துவராக இருந்து, பிறகு ரிஷிகேசம் சென்று சுவாமி சிவானந்தர் ஆனார்; 1936இல் தெய்வீக வாழ்க்கைச் சங்கத்தை நிறுவினார். அவருடைய சீடர் விஷ்ணுதேவானந்தர் மேலைநாடுகளில் கற்பித்த 12 ஆசன வரிசையைத்தான் உலகில் பலரும் சிவானந்த முறை என்று அறிவார்கள். ஆக, கோரைப் பாயும் ஆசனமும் ஒரே ஊரிலிருந்து புறப்பட்டிருக்கின்றன. இந்தப் பொருத்தத்தில் மயங்கி, ரப்பர் விரிப்பு எதற்கு என்று ஒரு மெல்லிய பத்தமடைப் பாயை விரித்து அதோமுக சுவானாசனம் செய்தேன். கையும் காலும் ஊன்றி, இடுப்பை உயர்த்தி, கூரை வடிவில் நிற்கும் நிலை அது. பாயின் வழுவழுப்பில் கை முன்னால் போயிற்று, நான் மூக்கால் பாயை முகர்ந்தேன்.

கோரைப் பாய் உட்காரவும் படுக்கவும் உகந்தது. சவாசனத்துக்கு அதைவிடக் குளிர்ச்சியான விரிப்பு இல்லை. நின்று செய்பவற்றுக்கு வெறும் சிமெண்டுத் தரையே போதும், வியர்வையைத் துடைத்துக்கொண்டால். முழங்கால் ஊன்றும் நிலைகளுக்கு ஜமுக்காளத்தை இரண்டாக மடித்துப் போடுங்கள்.

அந்த 12இன் வரிசையைப் பார்த்தால் மருத்துவரின் சிஷ்யப் பரம்பரை என்பது விளங்கும். சர்வாங்காசனத்திலும் ஹலாசனத்திலும் கழுத்து முன்பக்கம் மடங்குகிறது. உடனே மச்சாசனம் வந்து அதைப் பின்பக்கம் திறக்கிறது. பஸ்சிமோத்தானாசனத்தில் முதுகு முன்னால் குனிகிறது. பின்னாலேயே புஜங்காசனம், சலபாசனம், தனுராசனம் மூன்றும் அதைப் பின்னோக்கி வளைக்கின்றன. ஆனால் வரிசை சிரசாசனத்தில் தொடங்குகிறது. அதைப் பற்றிப் பிறகு.

2023 அக்டோபர் 9

நான் வழுக்கி விழுந்தது எங்கள் கல்யாணப் பாய் என்பதையும், மணமக்கள் பெயர் நெய்த பகுதியில்தான் மூக்கு பதிந்தது என்பதையும் எழுதச் சொல்லி வீட்டில் உத்தரவு. மாப்பிள்ளையின் பெயர் தேய்ந்துவிட்டது. பெண்ணின் பெயர் அப்படியே இருக்கிறது.

2023 நவம்பர் 5

செப்டம்பர் 12 குறிப்பில் ஆச்சிமாரைப் பற்றி எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

என் மதினிக்கு அதைப் படித்துக் காட்டினேன். அவர் முப்பது ஆண்டுகளாகப் பீடி சுற்றுகிறவர். தரையில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்து, இலை வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி என்று காலையிலிருந்து பொழுது சாயும்வரை வேலை. "நான் நாற்காலியைக் கண்டதே இல்லை. எனக்கு ஏன் கழுத்தும் முதுகும் விட்டுப்போகுது?" என்று ஒரே கேள்வி கேட்டார். நான் வாயை மூடிக்கொண்டேன். பிறகு யோசித்தால் எங்கள் ஆச்சியும் கடைசி எட்டு ஆண்டுகள் சுவரைப் பிடித்துத்தான் எழுந்தார். வலியே இல்லை என்று நான் எழுதியது, அவர் வலியைச் சொன்னதே இல்லை என்பதைத்தான் காட்டுகிறது.

தரையில் உட்காருவதில் நன்மை உண்டு: இடுப்பும் கணுக்காலும் முழு அளவுக்கு மடங்கி நிமிர்கின்றன, எழுந்து உட்காரும் ஒவ்வொரு முறையும் தொடைக்கு வேலை கிடைக்கிறது. ஆனால் உட்கார்ந்தவர் நான்கு மணி நேரம் எழுந்திருக்காவிட்டால் தரையும் நாற்காலிதான். தலை குனிந்து, தோள் முன்னால் சுருண்டு, நெஞ்சு ஒடுங்கி இருக்கும் அந்த இருப்பு எங்கே நடந்தாலும் கழுத்தின் பின்தசை தலையின் பாரத்தைத் தாங்கிக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

மதினிக்கு நான் வகுப்பு எடுக்க முயன்றேன். சேலையில் எதைச் செய்வது, நேரம் எங்கே இருக்கிறது என்று பாதியை அவர் தள்ளுபடி செய்தார். மீந்தவை இவை. நூறு பீடிக்கு ஒரு முறை எழுந்து, தாடாசனத்தில் கைகளைக் கோத்து மேலே உயர்த்தி ஐந்து மூச்சு. நிலைக்கதவின் இரு பக்கமும் முழங்கையை ஊன்றி நெஞ்சை முன்னால் தள்ளி ஐந்து மூச்சு. இதற்குச் சமஸ்கிருதப் பெயர் ஏதும் எனக்குத் தெரியாது, ஆனால் பலன் இதில்தான் அதிகம். இரவு படுக்கும் முன் குப்புறப் படுத்து, முழங்கையை ஊன்றிய பாதிப் புஜங்காசனம். அதன் பிறகு சுவரோரம் மல்லாந்து படுத்துக் காலைச் சுவரில் சாய்த்து ஐந்து நிமிடம். இந்தக் கடைசியை அவர் பத்து நிமிடமாக்கிக்கொண்டார். அதில் சீரியல் பார்க்க வசதியாக இருக்கிறதாம்.

2023 நவம்பர் 19

கடைக்கார அண்ணாச்சி சம்மணத்தில் 15 நிமிடம் உட்கார முடிகிறது என்று எழுதியிருக்கிறார். நல்லது. அவர் கேட்டிருக்கும் மற்றக் கேள்வி பெரியது: ஆசனங்களால் உண்மையில் என்னென்ன பலன் கிடைக்கும்?

வகுப்புகளின் சுவரில் ஒட்டியிருக்கும் பட்டியல்களை நான் ஒரு காலத்தில் முழுமையாக நம்பினேன். உடலைத் திருகினால் ஈரலைத் துணிபோல் பிழிந்து நஞ்சை வெளியேற்றலாம், தோளில் நின்றால் தைராய்டு சரியாகும், தலையில் நின்றால் மூளைக்கு ரத்தம் பாயும். ஈரலும் சிறுநீரகமும் தம் வேலையைத் தாமே செய்துகொள்கின்றன. அவற்றைப் பிழிய வேண்டிய தேவையில்லை. மூளைக்குப் போகும் ரத்தத்தின் அளவை உடல் தானே ஒழுங்குபடுத்திக்கொள்கிறது. தலைகீழாக நின்றால் முகம் சிவக்கும், கணக்குப் பாடம் வந்துவிடாது. உட்கார்ந்து உடலைத் திருகும் அர்த்த மச்சேந்திராசனம் நல்ல ஆசனம்தான். அது முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள சிறு தசைகளுக்கும் விலா எலும்புகளுக்கு இடைப்பட்ட தசைகளுக்கும் அசைவு தருகிறது. அந்த நன்மை போதாதா?

நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு ஓரளவு உறுதியான சான்று இருக்கிறது. மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட தொகுப்பாய்வு 12 சோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. உடற்பயிற்சி எதுவும் செய்யாதவர்களோடு ஒப்பிட்டால், யோகப் பயிற்சி செய்தவர்களுக்கு அன்றாட வேலைகளைச் செய்யும் திறன் மூன்று மாதத்திலும் ஆறு மாதத்திலும் சிறிதளவு முதல் நடுத்தர அளவு வரை கூடியிருந்தது. வலியில் குறைவு அதைவிடச் சிறியது. பயிற்சியாலேயே முதுகு வலி கூடியவர்களும் இருந்தார்கள். அதே ஆண்டு அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்ற மருத்துவர் சங்கம் வெளியிட்ட வழிகாட்டுதலில், நாள்பட்ட முதுகு வலிக்கு மருந்துக்கு முன் முயலத்தக்கவற்றுள் யோகமும் இடம்பெற்றது. மந்திரம் இல்லை, மாய்மாலமும் இல்லை.

மூச்சைப் பற்றி ஒரு சொல். ஆசனத்தில் நிலைத்திருந்து மூச்சை நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு மெதுவாக்கினால், ரத்த அழுத்தத்தைச் சீராக வைத்திருக்கும் உடலின் அனிச்சைச் செயல் கூர்மையாகிறது. எனக்கு இரவுத் தூக்கம் மேம்பட்டது இதனால்தான் என்று நினைக்கிறேன். பிரஷர் மாத்திரையை இதை நம்பி நிறுத்தக் கூடாது, நான் நிறுத்தவில்லை.

ஹடயோகப் பிரதீபிகை ஆசனத்தின் பலனாகச் சொல்வது மூன்று: உறுதி, நோயின்மை, உடல் லேசாதல். மூன்றாவது எனக்குப் பிடித்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் தாவும்போது அது என்னவென்று தெரிகிறது.

2023 டிசம்பர் 27

17, 18 தேதிகளில் பெய்த மழையில் தாமிரபரணி கரை தாண்டியதை எல்லோரும் பார்த்தோம். திருநெல்வேலி சந்திப்புப் பக்கம் என் தங்கை வீட்டுக்குள் கணுக்காலுக்கு மேல் வண்டல். மூன்று நாள் மண்வெட்டியும் சட்டியுமாக அள்ளினோம். இதை இந்த இழையில் எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது.

18 ஆண்டுகளாக நெற்றி முழங்காலைத் தொடும் அளவுக்குப் பஸ்சிமோத்தானாசனம் செய்கிறவன் நான். முதல் நாள் இரண்டாம் மணி நேரத்திலேயே என் இடுப்பு பிடித்துக்கொண்டது. பக்கத்தில் என்னோடு அள்ளிய கொத்தனார் ஒருவருக்குக் குனிந்தால் கை கணுக்காலைக்கூடத் தொடாது. அவர் மாலை வரை அள்ளிவிட்டுத் தேநீர் குடித்தார். அவர் முதுகை வளைக்கவே இல்லை. நாற்காலியில் உட்காருவதுபோல் இடுப்பைப் பின்னால் தள்ளி, முழங்காலை மடக்கி, சட்டியை உடம்போடு அணைத்துத் தூக்கினார். உத்கடாசனம் என்று பெயர் சொல்லி நாம் மூன்று மூச்சு செய்வதை அவர் நாள் முழுவதும் செய்தார்.

நான் தசையை நீட்டி வைத்திருந்தேனே தவிர உரப்படுத்தி வைத்திருக்கவில்லை. வளைவதைத்தான் ஆசனம் என்று இத்தனை நாளும் என்னையறியாமல் எண்ணியிருக்கிறேன். இனிச் சலபாசனம், நவாசனம், தண்டாலின் மேல்நிலையில் அசையாமல் நிற்பது ஆகிய மூன்றும் தினமும் உண்டு. முன்குனிவதைப் பாதியாகக் குறைக்கிறேன். டிஸ்க் விலகி, வலி காலுக்கு இறங்குகிறவர்கள் முன்குனியும் ஆசனங்களை மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம்.

2024 ஜனவரி 21

சிரசாசனத்தைப் பற்றிப் பிறகு என்று எழுதிவிட்டு மூன்று மாதம் ஓட்டிவிட்டேன். கல்லூரி மாணவர் ஒருவர், முடி உதிர்வது நிற்க அதைச் செய்யலாமா என்று கேட்கிறார். முடிக்கும் அதற்கும் தொடர்பு இல்லை. நான் ஆறு ஆண்டுகள் செய்தேன், என் தலையைப் பார்த்தவர்கள் சாட்சி.

கழுத்தெலும்புகள் நான்கைந்து கிலோ எடையுள்ள தலையைச் சுமக்க அமைந்தவை. சிரசாசனத்தில் உடலின் பாரத்தில் பெரும் பங்கு அவற்றின் மேல் தலைகீழாக இறங்குகிறது. முன்கையும் தோளும் அந்தப் பாரத்தை வாங்கிக்கொள்ள வேண்டும். தோளில் வலு இல்லாதவர் சுவரில் சாய்ந்து நின்றாலும் கழுத்துதான் கூலி கொடுக்கிறது.

அடுத்தது கண். சென்னைக் கண் மருத்துவ ஆய்வாளர்கள் 75 யோகப் பயிற்சியாளர்களைச் சோதித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், சிரசாசனத்தில் நிற்கும்போது கண்ணின் உள்ளழுத்தம் ஏறக்குறைய இரண்டு மடங்காவது தெரிந்தது. கீழே இறங்கியதும் அழுத்தம் இறங்கிவிடுகிறது. ஆனால் கண் நரம்பைக் கெடுத்துப் பார்வையைப் பறிக்கும் கிளாக்கோமா நோய் உள்ளவருக்கு அந்தச் சில நிமிடங்களே கேடு. என் அண்ணாச்சி அதற்குச் சொட்டு மருந்து விடுகிறவர். இதைப் படித்த அன்றே அவரைத் தலையிலிருந்து இறக்கினேன். குடும்பத்தில் யாருக்காவது அந்த நோய் இருந்தால் முதலில் கண் அழுத்தத்தை அளந்து பாருங்கள். ரத்த அழுத்தம் கட்டுக்குள் இல்லாதவர்களுக்கும் இது வேண்டாம்.

காலைச் சுவரில் சாய்த்துப் படுக்கும் மதினியின் ஆசனத்தை மாணவருக்குச் சிபாரிசு செய்கிறேன். சீரியல் அவர் விருப்பம்.

2024 பிப்ரவரி 11

மயூராசனம் செய்தால் ஆலகால விஷமும் செரிக்கும் என்று பிரதீபிகை சொல்கிறது. தை மாதக் கல்யாணம் ஒன்றில் மறுவீட்டுச் சொதிச் சாப்பாடு. தேங்காய்ப் பால் கனத்தைச் சமாளிக்க இஞ்சித் துவையலை வைத்த முன்னோர் முட்டாள்கள் அல்லர். நான் துவையலை ஒதுக்கிவிட்டு, இரண்டு மணி நேரம் கழித்து மயூராசனத்தில் முழங்கையை வயிற்றில் ஊன்றினேன்.

விஷத்தைப் பற்றி எனக்குத் தெரியாது. சொதி செரிக்கவில்லை. முழுச் சாப்பாட்டுக்குப் பின் மூன்று நான்கு மணி நேரம் போக வேண்டும் என்ற விதி கல்யாண வீட்டுக்கும் பொருந்தும்.

2024 பிப்ரவரி 12

சாப்பிட்டவுடன் செய்யக்கூடிய ஒன்று, முழங்காலை மடக்கிக் குதிகால் மேல் உட்காரும் வஜ்ராசனம் என்று மூன்று பேர் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். சரிதான், ஐந்து பத்து நிமிடம். பக்தி மிகுதியில் மணிக்கணக்காக உட்கார வேண்டாம். முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் எலும்பை ஒட்டி ஓடும் நரம்பு நசுங்கி, பாதத்தைத் தூக்க முடியாமல் தொங்கிப்போவது உண்டு. 1971இலேயே ஓர் அமெரிக்க மருத்துவ இதழ் யோகத்தின் பெயரையே சூட்டி அந்தப் பாதத் தொய்வைப் பற்றி எழுதியது. மரத்துப்போவது அடக்கத்தின் சோதனை அன்று, எழுந்துவிடுங்கள்.

2024 மார்ச் 27

பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோவிலுக்குப் போய் வந்தோம். பொங்கல் கொதிக்கும்வரை சாமியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அறுபது ஆண்டாகப் பார்க்கும் திருமேனியில் இதுவரை கண்ணில் படாத ஒன்று பட்டது: முதுகைச் சுற்றி வந்து மடக்கிய முழங்காலைப் பிடித்திருக்கும் அந்தப் பட்டை. யோகப்பட்டம் என்று பெயர். யோக நரசிம்மருக்கும் உண்டு, முழங்கால் இரண்டையும் சேர்த்துக் கட்டியிருக்கும். நீண்ட நேரம் உட்காருகிறவர் முதுகையும் காலையும் தசையின் வலுவால் பிடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லாமல் பட்டை பிடித்துக்கொள்கிறது. தெய்வமே துணைக்கருவி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போது, சாக்கை மடித்துப் போட்டு உட்காருவதை வெட்கம் என்று கருதிய கடைக்கார அண்ணாச்சிக்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

வீட்டுக்கு வந்து ஒரு நீளத் துண்டைக் கீழ்முதுகில் சுற்றி, குத்தவைத்த முழங்கால்களுக்கு முன்னால் முடிச்சிட்டு உட்கார்ந்து பார்த்தேன். இருபது நிமிடம் போனதே தெரியவில்லை. முடிச்சு முழங்காலின் வெளிப்பக்கத்தை அழுத்தாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பிப்ரவரி 12இல் சொன்ன அதே நரம்பு அங்கேதான் ஓடுகிறது.

கோவிலில் உட்கார்ந்திருந்தபோது இன்னொன்றும் நினைவுக்கு வந்தது, எழுதாமல் இருப்பது சரியாகாது. என் முழங்காலைப் பயிற்றுநர் அழுத்தினார் என்று செப்டம்பரில் எழுதியிருந்தேன். இத்தனை ஆண்டுகளாக எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறேன், நானும் நம்பிவிட்டேன். அவர் என் தோளில் கை வைத்து, "போதும், இறக்கிவிடுங்கள்" என்றுதான் சொன்னார். பக்கத்துப் பாயில் பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பத்மாசனத்தில் மொட்டுப்போல் உட்கார்ந்திருந்தான். முழங்காலை அழுத்தியது என்னுடைய கை.

2024 ஜூன் 22

நேற்று யோக நாள். 2015இல் தொடங்கியதிலிருந்து இது பத்தாவது. ஊர் மைதானத்தில் நாற்பது பேர் கூடினோம். கடைக்கார அண்ணாச்சி கல்லிடைக்குறிச்சியிலிருந்து வந்திருந்தார். ஒன்பது மாதம் எழுத்திலேயே பழகியவரை முதல் முறையாகப் பார்த்தேன். இரண்டு காலிச் சாக்கைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்ததால் அடையாளம் கேட்க வேண்டியிருக்கவில்லை. முன்வரிசையில் படத்துக்காகப் பத்மாசனத்தில் உட்கார்ந்தவர்கள், படம் எடுத்து முடிந்ததும் ஒவ்வொருவராகக் காலை நீட்டினார்கள். இவர் கடைசி வரிசையில் சாக்கின் மேல் சம்மணமிட்டு, நிகழ்ச்சி முடியும்வரை இருப்பை மாற்றாமல் இருந்தார். இடுப்பு வலி முழுவதும் போகவில்லை, கல்லாவில் மணிக்கொரு முறை எழுந்து நிற்கிறேன், மாதத்தில் நாலைந்து நாள் மட்டும் தெரிகிறது என்றார். இடது கால் இன்னும் ஏறவில்லையாம். ஏற்றிப் பார்க்கவும் இல்லையாம்.

சவாசனத்தில் குறட்டை விட்டது யார் என்று கேட்டிருப்பவருக்கு: நான்தான்.

2024 ஜூன் 23

செப்டம்பர் 12 குறிப்பில் சாக்கின் உயரம் நான்கு விரல் என்று எழுதியிருந்தேன். அண்ணாச்சி நேற்று முன்தினம் தன் சாக்கை மடித்துக் காட்டினார். அழுத்தி உட்கார்ந்தால் நான்கு விரல் இரண்டாகி விடுகிறது. மடிக்கும்போது ஆறு விரல் இருக்கட்டும். பச்சரிசிச் சாக்கு வேண்டாம், வழுக்குகிறதாம். சணல் சாக்கே நல்லது என்கிறார்.